அலை வடிந்த பின்னும்

(பங்கின் பொன்விழா நிறைவு நாள் பொதுக்கூட்டத்தில், பிள்ளைகள் கல்வி நிதியைப் பற்றிப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நன்றியின் விழா. பழைய ஏற்பாட்டில், லேவியர் நூலில், ஐம்பதாம் ஆண்டைப் பற்றி ஆண்டவர் மோசேக்குக் கட்டளை கொடுத்தபோது எக்காளம் ஊதச் சொன்னார். ஆனால் எக்காளத்தோடு அவர் நிறுத்தவில்லை. அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்பிப் போகவேண்டும், இழந்த நிலம் உரியவன் கைக்கு வந்து சேரவேண்டும் என்றும் விதித்தார். கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மின்விளக்கும் வாணவேடிக்கையும் நமக்கு வேண்டியவைதாம். ஆயினும் விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்காத விழா அரைகுறை விழாவே அன்றோ?

ஆகவே இந்த நிறைவு நாளில் நம் பங்கிலே ஓசையில்லாமல் நடந்துவரும் ஒரு சிறு காரியத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். அதுதான் பிள்ளைகள் கல்வி நிதி. இந்நிதிக்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, அடிக்கல் நாட்டியவர் பெயர் பொறித்த கல்வெட்டும் இல்லை. கோவில் வாசலில் ஓர் உண்டியல், வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு கணக்குப் புத்தகம், மூன்று பேர் கொண்ட ஒரு குழு: இவ்வளவே அதன் சொத்து.

அண்மையில் பங்குப் பேரவையிலே ஒரு கேள்வி எழுந்தது. "சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். இனி எதற்கு இந்த நிதி? கணக்கை முடித்து, மீதிப் பணத்தை மணிக்கூண்டு வேலைக்குக் கொடுத்தால் என்ன?" கேட்டவர்கள் நல்ல உள்ளத்தோடுதான் கேட்டார்கள். பொதுப்பணம் எங்கே போகிறது என்று கேட்பது பங்கு மக்களின் உரிமை, கடமையுங்கூட. அக்கேள்விக்கு இன்று எல்லார் முன்னிலையிலும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிறு

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். திருச்சபை அன்று திருக்குடும்பத் திருநாளைக் கொண்டாடியது. நம் மேற்குக் கரையில் ஞாயிறன்று கடலுக்குப் போகும் வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. குடும்பங்கள் வீட்டில் இருந்தன. அரையாண்டு விடுமுறையாதலால் பிள்ளைகள் மணலில் விளையாடிக் கொண்டிருந்தார்கள்.

நம் நேரப்படி அன்று காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு, இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுமத்திரா தீவுக்கு அருகே கடலடித் தரை பிளந்தது. ஆழ்கடலில் அந்த அலை ஒரு மீட்டர் உயரங்கூட இல்லை. நடுக்கடலில் நின்ற படகுகள் அதை உணரவே இல்லை. ஆனால் அது விமானத்தின் வேகத்தில் ஓடியது; கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடியது. இலங்கையைச் சுற்றி, குமரிமுனையைச் சுற்றி வளைந்து வந்து, மேற்கு நோக்கிய நம் கரையையும் தாக்கியது. மணக்குடியில் பழையாற்றின் முகத்துவாரத்தில் நின்ற பாலத்தையே பெயர்த்தெறிந்தது. கொட்டில்பாடும் குளச்சலும் பட்ட பாட்டை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூர்களில் நமக்கு உறவினர் இல்லாத வீடு நம் பங்கில் இல்லை.

நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு போன திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். பல ஊர்களில் மாண்டோரில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. நீந்தவும் மரமேறவும் பழகிய ஆடவர் பலர் தப்பினர். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஓடிய தாய்மாரால் தப்ப முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, மாசில்லாக் குழந்தைகள் திருநாள் வந்தது. அந்த ஆண்டு அத்திருநாளை இக்கரையில் எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதைக் குழி வெட்டிய கைகள் அறியும்.

நிவாரணம் வேறு, கல்வி வேறு

அதன் பிறகு உதவி வந்தது. வெள்ளமாக வந்தது. அரிசி வந்தது, பாய் வந்தது, பாத்திரம் வந்தது. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் எடுப்பார் இன்றிப் பழந்துணிகள் குவிந்து கிடந்தன. உதவியவர்களை நாம் குறை கூறவில்லை. சாதி மதம் பாராமல் நாடே ஓடி வந்தது. அரசும் உதவித்தொகை கொடுத்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் காப்பகங்களை நடத்தியது. இவற்றையெல்லாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். பசித்தவனுக்குச் சோறு அன்றைக்கே போடலாம். வலையும் வள்ளமும் ஓராண்டில் வாங்கிக் கொடுக்கலாம். வீடு இரண்டு மூன்று ஆண்டுகளில் எழும்பிவிடும். ஒரு பிள்ளையின் படிப்பு அப்படி முடிவதில்லை. 2004-இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க 2016 ஆயிற்று. ஒரு பட்டத்தை வாங்க 2019 ஆயிற்று. அதற்குள் லாரிகள் போய்விட்டன. பத்திரிகைக்காரர்கள் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் இங்கேயே இருந்தது.

அலை சில நிமிடங்களில் வந்து போயிற்று. அது கெடுத்ததைச் செப்பனிடப் பதினைந்து ஆண்டுகள். இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்காகவே நம் நிதி ஏற்பட்டது.

அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லையே, மதிய உணவும் உண்டே, பின் எதற்கு நிதி என்று சிலர் கேட்பர். 2010 முதல், ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமையும் ஆகிவிட்டது. உண்மைதான். ஆனால் படிப்பு நின்றுபோவது கட்டணத்தால் மட்டும் அன்று. நம் குழுவினர் வீடு வீடாகச் சென்று அறிந்தவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, காகிதம். வீட்டோடு பிறப்புச் சான்றும் குடும்ப அட்டையும் மதிப்பெண் பட்டியலும் போயின. அவ்வேளையில் வயதுக்கும் பெயருக்கும் சாட்சியாக நின்றவை நம் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகங்கள். அவற்றிலிருந்து நகல் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் பலமுறை நடந்ததுதான் இந்நிதியின் முதல் வேலை. அதற்கு ஆன செலவு பேருந்துக் காசு மட்டுமே.

இரண்டாவது, பெண் பிள்ளையின் தோள். தாய் போய்விட்ட வீட்டில் மூத்த பெண்ணே தாயாகிறாள். தாயும் தந்தையும் அற்ற பிள்ளைக்குக் காப்பகம் உண்டு. தாயை மட்டும் இழந்த பிள்ளை எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறுவதில்லை. அப்படி ஒரு பெண் பிள்ளை நம் குழுவினரிடம் சொன்ன சொல் இன்றும் மறக்கவில்லை. "எனக்குப் பணம் வேண்டாம், சாமிகிட்ட சொல்லுங்க. தம்பிய பாத்துக்க ஆள் வேணும். ஆள் இருந்தா நான் பள்ளிக்கூடம் போவேன்." பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை அந்தச் சிறுவனைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை நிதியிலிருந்து போயிற்று. கணக்குப் புத்தகத்தில் அதுவும் 'கல்விச் செலவு' என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் படித்தார்; இன்று ஊதியம் பெறுகிறார். இதைச் சொல்ல அவரிடமே அனுமதி பெற்றோம். எங்கே, என்ன வேலை என்று சொன்னால் ஆள் தெரிந்துவிடுமாதலால் அதை விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, ஆண் பிள்ளையின் கை. பதினான்கு, பதினைந்து வயதில் அவன் கையில் வலுவேறுகிறது. வீட்டில் கடன் இருக்கிறது. படகில் ஓர் ஆள் குறைகிறது. ஒரு நாள் போனால் ஒரு பங்கு கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் அன்றோடு மூடப்படுகிறது. கடல் தொழிலை நாம் இழிவாகச் சொல்லவில்லை. இராயப்பரும் அந்திரேயாவும் வலை வீசியவர்களே. கல்வி கடலைவிட்டு ஓடுவதற்கான வழி அன்று; கடலா கரையா என்பதைத் தெரிந்து தேர்ந்துகொள்ளும் உரிமை அது. படித்தபின் கடலுக்குப் போகிறவன் தன் விருப்பத்தால் போகிறான். படிக்குமுன் போகிறவனைக் கடன் இழுத்துக்கொண்டு போகிறது.

நான்காவது, ஜூன் மாதம். இது வெளியூரார்க்கு எளிதில் விளங்காது. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சிறு வள்ளங்களுக்குத் தடை இல்லையெனினும், தென்மேற்குப் பருவக் கடல் அவற்றையும் பல நாள் கரையில் கட்டிப் போடுகிறது. சரியாக அதே ஜூனில் பள்ளியும் கல்லூரியும் திறக்கின்றன. கையில் காசு இல்லாத மாதத்தில் சேர்க்கைப் பணம், விடுதிப் பணம், பேருந்துப் பணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. வட்டிக்காரர் வாசலுக்கு வரும் காலமும் அதுவே. ஆகவேதான் நம் குழு மே மாதக் கடைசி வாரத்திலேயே கூடிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஜூனில் கொடுக்கும் ஆயிரம், ஆகஸ்டில் கொடுக்கும் ஐயாயிரத்தைவிடப் பெரிது.

சவேரியார் காட்டிய வழி

இது நமக்குப் புதிய பாடம் அன்று. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு சிறு மணி. தெருத் தெருவாக அதை அடித்துப் பிள்ளைகளை அழைத்தார். தம் கட்டளைச் செபத்தைச் சொல்லவும், உண்ணவும், உறங்கவும் விடாமல் பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்துகொண்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊர் ஊராகப் போகவேண்டியிருந்தமையால், தாம் இல்லாத நாளிலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஊருக்கு ஊர் உபதேசியார்களை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே, என் செய்தார் தெரியுமா?

அக்காலத்தில் போர்த்துக்கல் நாட்டு அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. நம் புனிதர் அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் கல்விக்காகக் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏறிப்போக இக்கரைப் பிள்ளைகளைவிடச் சிறந்த காலணி அரசிக்கு வாய்க்காது என்ற கருத்தில் எழுதினாராம். அரசி காலுக்குப் போட்டுக்கொள்ளும் பணம் இக்கரைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆயிற்று. ஆகவே நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் கடற்கரையில் ஒரு கல்வி நிதி இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும் இதையே வற்புறுத்துகிறது. கல்வி எல்லா மனிதருக்கும் உள்ள பறிக்கவொண்ணா உரிமை என்றும், பொருளில் வறியவர்களையும், குடும்பத்தின் துணையையும் அன்பையும் இழந்தவர்களையும் திருச்சபை தனிக் கவனத்தோடு பேணவேண்டும் என்றும் அது போதிக்கிறது.

நிதியின் நெறிகள்

சிறிய நிதிக்குப் பெரிய ஒழுங்கு வேண்டும். நம் முன்னோர் வகுத்துத் தந்த நெறிகள் ஐந்து.

ஒன்று: பணம் பள்ளிக்கோ, கல்லூரிக்கோ, விடுதிக்கோ நேரே போகும், அல்லது தாய், பாட்டி கையில் போகும்.

இரண்டு: பிள்ளையை மேடையில் நிறுத்துவதில்லை. இந்த மலரைப் புரட்டிப் பார்ப்பவர்கள், 'கல்வி நிதியால் பயன் பெற்ற பிள்ளைகள்' என்று ஒரு படம் தேடுவார்கள். இல்லை, வேண்டுமென்றே இல்லை. கொடுக்கிறவனுக்குப் படம் ஒரு நாள் மகிழ்ச்சி. வாங்குகிற பிள்ளைக்கு அது வாழ்நாள் சுமை. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று நம் ஆண்டவர் போதித்தது நம் கைகளுக்காக மட்டும் அன்று, வாங்கும் கைகளின் மானத்துக்காகவுந்தான்.

மூன்று: தொடங்கினால் முடிக்கும்வரை கைவிடுவதில்லை. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு மறுதேர்வுப் பணமும் உண்டு. நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தவறியவனுக்குத் தோள் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

நான்கு: ஞானஸ்நானம் பெற்றவனா என்று கேட்பதில்லை. கடல் அப்படிக் கேட்டு அள்ளிக்கொண்டு போகவில்லை. நம் அண்டை வீட்டு இந்து, இசுலாமியப் பிள்ளைகளும் இந்நிதியில் படித்திருக்கிறார்கள்.

ஐந்து: திருப்பிக் கேட்பதில்லை. படித்து வேலைக்குப் போனவர்கள் தாமாகவே அடுத்த பிள்ளைக்கென்று கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். பலர் கொடுக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? உண்டியலில் விழும் சில்லறையிலிருந்து வருகிறது. மீன்பாடு நன்றாக அமைந்த நாளில் வள்ளக்காரர் ஒதுக்கும் பங்கிலிருந்து வருகிறது. மீன் விற்றுத் திரும்பும் தாய்மார் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் நோட்டிலிருந்து வருகிறது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் இளைஞர்கள் அனுப்புவதும் உண்டு. சிறு துளி பெருவெள்ளம். ஆயிரக்கணக்கானோர் உண்ட அப்பம் ஒரு சிறுவன் கையிலிருந்து வந்தது என்று அருளப்பர் எழுதுகிறார். எஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். அந்தச் சேர்த்த கூடையே நம் நிதி.

மூடலாமா?

இனிக் கேள்விக்கு வருவோம். சுனாமியின்போது கைக்குழந்தையாய் இருந்தவர்களும் இருபது வயதைக் கடந்துவிட்டார்கள். அந்த வகையில் ஒரு கணக்கு முடிகிறது, இறைவனுக்கு நன்றி.

ஆனால் கடல் தன் கணக்கை முடித்துக்கொண்டதா? 2017 நவம்பர் 29 இரவும் 30-ஆம் நாளும் நினைவில் இல்லையா? ஒக்கி குமரிக் கடலில் சில மணி நேரத்துக்குள் புயலாய்த் திரண்டது. பல நாள் தங்கல் தொழிலுக்குப் போனவர்கள் அப்போது ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை எட்டாத தொலைவு அது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களில் ஒரே தெருவில் பல வீடுகள் குடும்பத் தலைவரை இழந்தன. சுனாமி தாய்மாரையும் பிள்ளைகளையும் மிகுதியாகக் கொண்டுபோயிற்று. ஒக்கி தந்தையரைக் கொண்டுபோயிற்று. அதிலும் ஒரு கொடுமை: பலரின் உடல் கிடைக்கவில்லை. ஏழாண்டு செய்தி இல்லாதவரே இறந்தவராகக் கருதப்படுவர் என்பது சட்டத்தின் பொதுவிதி. அரசு இரக்கத்தோடு அவ்விதியைத் தளர்த்தியது. ஆயினும் விண்ணப்பமும் விசாரணையும் முடிந்து உதவி கைக்கு வருமுன், அடுத்த பருவத்துக்கு விடுதிப் பணம் கட்டவேண்டிய நாள் வந்துவிட்டது. 'அப்பா இறந்துவிட்டார்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் உதவி விரைவில் வரும். எழுத மனம் வராத பிள்ளை என்ன செய்யும்? சான்றிதழ் கேட்காமல், அந்த ஒரு சொல்லை எழுதச் சொல்லாமல், உடனே பணம் கட்டியது நம் சிறு நிதிதான். பெரிய கைகளால் செய்ய முடியாததைச் சிறிய கை செய்யும் இடம் அதுவே.

அந்தப் புயலின்போது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகள் இன்னும் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்கள் படித்து முடிக்க இன்னும் எத்தனை ஜூன் மாதங்கள் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் போய், 'உங்கள் கணக்கு மணிக்கூண்டாகிவிட்டது' என்று சொல்ல நம்மில் யாருக்கு நா எழும்?

மணிக்கூண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குத் தனியாகத் திரட்டுவோம்; தாமதமாகட்டும், குறையொன்றும் இல்லை. சவேரியாரின் மணிக்குக் கூண்டு இல்லை. கூண்டு இல்லாமலே அது பிள்ளைகளை அழைத்தது.

அன்பர்களே, பங்குத் தந்தையர் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பங்கு மக்களாகிய நீங்கள் இருப்பீர்கள். ஆகவே இது குருவின் நிதி அன்று, உங்கள் நிதி. அதை நடத்துவதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கிறது. இன்று மூன்றே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். கடைசிப் பிள்ளை படித்து முடிக்கும்வரை இந்நிதியை மூடுவதில்லை என்று பேரவையில் தீர்மானியுங்கள். மே மாதத்து நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வோர் அன்பியமும் ஒரு சிறு தொகையை ஜூனுக்கென்று ஒதுக்குங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று தெருவில் பேசாதிருங்கள். மூன்றாவதற்குக் காசு வேண்டாம். ஆனால் மூன்றிலும் கடினமானது அதுவே.

கணக்குப் புத்தகம் கூட்டம் முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் திறந்து வைக்கப்படும். வரவும் செலவும் எவரும் பார்க்கலாம். பிள்ளைகளின் பெயர் இருக்கும் ஏடு மட்டும் குழுவிடம் இருக்கும்.

அநாதைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் பேணுவதே மாசற்ற பக்தி என்று புனித யாகப்பர் நமக்கு எழுதியிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பங்கைக் கடலின் சீற்றத்திலிருந்தும் மனிதரின் மறதியிலிருந்தும் காத்து வந்த எல்லாம் வல்ல இறைவன், கடலின் விண்மீனாம் மரியன்னையின் பரிந்துரையால், நம் பிள்ளைகளையும் அவர்களுக்காகக் கொடுக்கும் கைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.